நண்டோடும் காரீயமும்: யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான, பொறியியல் பீடத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பேராசிரியர்களுக்கும் விரிவுரையாளர்களுக்கும் வணக்கம்.

காபனீரொட்சைட்டிலிருந்து அசற்றேற்றுச் (வினாகிரி அமிலத்தின் உப்பு) செய்ய மின்வாயிலிருந்தே இலத்திரன் வாங்கும் பற்றீரியாக்கள் உண்டு. 2010 இல் அமெரிக்காவில் நுண்ணுயிரியலாளர் டெரெக் லவ்லியின் குழு ஸ்போரோமூசா ஒவாட்டா என்ற பற்றீரியாவைக் காரீயக் (கிரபைற்று) கதோட்டில், அதாவது இலத்திரன் கொடுக்கும் மின்வாயில், வளர்த்து இதைக் காட்டியது. கொடுத்த இலத்திரன்களில் 85 சதவீதத்துக்கு மேல் விளைபொருளில் வந்து சேர்ந்தன. ஆனால் ஓடிய மின்னோட்டமோ சொற்பம். மின்வாயும் உயிரணுவும் தொடும் இடத்தில்தான் இடைஞ்சல் என்பது என் எண்ணம். உங்களிடம் கேட்பதும் அந்த இடத்தைப் பற்றியே.

2013 இல் அதே குழுவினர் காபன் துணி மின்வாய்மேல், நண்டு, இறால் ஓடுகளிலிருந்து எடுக்கும் கைற்றோசான் என்ற பொருளைப் பூசிப் பார்த்தார்கள். அசற்றேற்று உருவாகும் வேகம் ஆறேழு மடங்கு கூடியது. பற்றீரியாவின் மேற்பரப்பு மறை ஏற்றமுடையது, கைற்றோசான் நேர் ஏற்றமுடையது. ஒட்டாமல் என்ன செய்யும்? அந்தக் கைற்றோசானின் மூலப்பொருள் குருநகரிலும் பாசையூரிலும் நண்டோடாகக் குப்பைக்குப் போகிறது. காரீயத்துக்கும் கடல் தாண்ட வேண்டியதில்லை, நம் நாட்டிலேயே போகலைச் சுரங்கத்தில் தோண்டுகிறார்கள். ஓட்டிலிருந்து கைற்றோசான் எடுக்கும்போது, நண்டோட்டில் சுண்ணாம்பு அதிகம் என்பதால் அமிலம் ஊற்றியதும் பொங்கி வழியும், இறாலோடு அவ்வளவு படுத்தாது. அடுத்து வரும் செறிந்த சூடான காரம்தான் உண்மையான தலையிடி. அந்தக் கழிவுநீரைக் களப்பில் விடுவதானால் இந்த வேலையே வேண்டாம்.

இன்னொன்று. மின்னோட்டம் கூடியவுடன் நேரடி இலத்திரன் கடத்தல் என்று எழுதிவிடாதீர்கள். கதோட்டில் ஐதரசன் உருவாகி, பற்றீரியா அதை உண்டிருக்கலாம். சிதைந்த உயிரணுக்களிலிருந்து கசிந்த நொதியங்கள் மின்வாயில் ஒட்டிக்கொண்டு ஐதரசன் உண்டாக்குவதை 2015 இல் வேறொரு நுண்ணுயிரில் காட்டியிருக்கிறார்கள். ஆகவே உயிரணுக்களை வடித்தெடுத்த வளர்ப்பு ஊடகத்தை மட்டும் விட்டு ஒப்பீட்டுக்கென ஒரு மின்வேதியியற் கலத்தையும் கூடவே ஓட்டுங்கள். பூசிய துணி, பூசாத துணி இரண்டையும் ஒரே மின்னழுத்தத்தில் வையுங்கள். பூச்சு எத்தனை வாரம் தாங்குகிறது என்பதையும் எழுதுங்கள். பலர் விட்டுவிடும் தகவல் அது.

பற்றீரியா வளர்க்கத் தெரிந்தவர்கள் திருநெல்வேலியில், கலம் கட்டத் தெரிந்தவர்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில். இரு பீடமும் சேர்ந்து ஓர் இறுதியாண்டு ஆய்வுத் திட்டமாகத் தொடங்கினாலே போதும், பெரிய நிதி தேவையில்லை. ஓடுகளைக் கழுவி வெயிலில் காயவைத்துத் தர எங்கள் கரையில் ஆட்கள் இருக்கிறார்கள். எத்தனை கிலோ வேண்டும் என்று சொல்லியனுப்புங்கள்.

இப்படிக்கு,
பாசையூர்வாசி ஒருவர்