எரிகோவையும் ஆயியையும் மறைக்காமல் சொல்லிக்கொடுங்கள்

கர்த்தருக்குள் அன்பான போதகர்களுக்கும் வேதபாட ஆசிரியர்களுக்கும் ஸ்தோத்திரம்.

"வேதாகமத்தில் உள்ள அத்தனையும் நடந்ததுதான் என்று தொல்லியல் நிரூபித்துவிட்டது" என்று பிரசங்கங்களிலும் வாலிபர் கூட்டங்களிலும் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். செங்கடலுக்கு அடியில் பார்வோனின் தேர்ச்சக்கரம் கிடைத்ததாக ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதையும் சிலர் சபையில் காட்டுகிறார்கள். அப்படி ஒரு சக்கரத்தை எந்த அகழாய்வுக் குழுவும் எடுத்துப் பதிவு செய்ததில்லை. தயவுசெய்து இதை நிறுத்துங்கள். பழைய ஏற்பாட்டை மனதார நேசிப்பவனாகத்தான் கேட்கிறேன்.

உண்மையாகக் கிடைத்தவையே நம்மிடம் நிறைய இருக்கின்றன. 1993இல் இஸ்ரேலின் வடக்கே டெல் தாண் மேட்டில் தொல்லியலாளர் அவ்ராகாம் பிரானின் குழு தோண்டியபோது, பழைய சுவர் ஒன்றில் கட்டுமானக் கல்லோடு கல்லாக ஒரு கல்வெட்டுத் துண்டு இருந்தது. அரமேய மொழி, கி.மு. 9ஆம் நூற்றாண்டு. அதில் 'தாவீதின் வீடு' (தாவீதின் அரச வம்சம்) என்ற சொல் இருக்கிறது. தாவீது வெறும் கதாபாத்திரம் என்று சொல்லி வந்தவர்களுக்கு அந்தச் சொல் பெரிய பதில். இதை நீங்களும் சொல்கிறீர்கள், சரி. ஆனால் அதே கல்லில் அரமேய அரசன் ஒருவன் இஸ்ரவேலின் ராஜாவையும் யூதாவின் ராஜாவையும் தானே கொன்றதாகச் சொல்கிறான். பெயர்கள் பாதி உடைந்திருக்கின்றன. அறிஞர்கள் பெரும்பாலும் அவற்றை யோராம், அகசியா என்று வாசிக்கிறார்கள். 2 இராஜாக்கள் 9ஆம் அதிகாரத்திலோ அந்த இருவரையும் கொன்றது இஸ்ரவேலின் படைத்தலைவன் யெகூ. தாவீதுக்குச் சாட்சியாக நிற்கிற கல்லே இந்தக் கேள்வியையும் எழுப்புகிறது. வகுப்பில் இந்தப் பாதி வருவதே இல்லை.

கி.மு. 701இல் அசீரிய ராஜா சனகெரிப் யூதாவின்மேல் படையெடுத்ததைப் பாருங்கள். 46 அரணான பட்டணங்களைப் பிடித்ததாகவும், யூதாவின் ராஜா எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல எருசலேமில் அடைத்ததாகவும் அவனே களிமண்ணில் எழுதி வைத்தான். எருசலேமைப் பிடித்ததாக மட்டும் அவன் எழுதவில்லை. எசேக்கியா கொடுத்த பொன் 30 தாலந்து (அக்காலத்து எடை அளவு) என்று வேதமும் சொல்கிறது, அசீரியனும் சொல்கிறான். வெள்ளியில்தான் வித்தியாசம்: வேதத்தில் 300, அவன் கணக்கில் 800. இரண்டு எதிரிகள் தனித்தனியாக எழுதி வைத்த கணக்கு இவ்வளவு நெருங்கி வருவது எவ்வளவு பெரிய விஷயம்! யூதாவின் பட்டணமான லாகீஸ் வீழ்ந்த காட்சியைச் செதுக்கிய நினிவே அரண்மனைக் கற்பலகைகள் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. லாகீசிலோ அசீரியர் மதிலேற அமைத்த கல்மேடு இன்றும் கிடக்கிறது.

ராஜாக்களின் காலத்துக்கு முன்னால் போகப் போக நிலைமை மாறுகிறது. யோசுவாவின் தலைமையில் இஸ்ரவேலர் கானானுக்குள் வந்தபோது எரிகோவின் மதில் இடிந்து விழுந்தது, பிறகு ஆயியையும் பிடித்தார்கள் என்று வேதம் சொல்கிறது. எரிகோவில் 1930களில் தோண்டிய ஜான் கார்ஸ்டாங், யோசுவா காலத்து மதிலைக் கண்டதாக அறிவித்தார். நம்மில் பலர் இன்னும் அதையே சொல்கிறோம். 1952 முதல் 1958 வரை அங்கே தோண்டிய கேத்லீன் கென்யன், அந்த மதில் யோசுவாவுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு முந்தியது என்று காட்டினார். யோசுவாவுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கி.மு. 13ஆம் நூற்றாண்டில் அங்கே மதில் சூழ்ந்த பட்டணம் இருந்த தடயம் இல்லை. ஆயி என்று பெரும்பாலோர் கருதும் எத்-டெல் மேட்டிலும் இதே கதைதான். யோசுவாவுக்கு முன்பே ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக அங்கே குடியிருப்பே இல்லை. 1960களில் அங்கே தோண்டி அதை உறுதி செய்தவர் ஜோசப் காலவே, அமெரிக்க பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரி ஒன்றின் பேராசிரியர். தன் மண்வெட்டி காட்டியதை அவர் மறைக்கவில்லை. ஆயி வேறொரு மேடாக இருக்கலாம் என்று வாதிடுவோரும் உண்டு. அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

இதனால் எல்லாம் கட்டுக்கதை என்று ஆகிவிடாது. கி.மு. 1208 வாக்கில் எகிப்தின் பார்வோன் மெர்னெப்தா வெட்டிய கல்வெட்டில் 'இஸ்ரவேல்' என்ற மக்கள் கானானில் இருக்கிறார்கள். அதை ஒட்டிய காலத்தில் மலைநாட்டில் சிறுசிறு கிராமங்கள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. அவற்றின் பானைகள் கானானியப் பானைகளைப் போலவே இருப்பதால், அந்த மக்களில் பெரும்பாலோர் உள்ளூரிலிருந்தே வந்தவர்கள் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நியாயாதிபதிகள் முதல் அதிகாரமும், மெகிதோவிலும் கேசேரிலும் கானானியரைத் துரத்தவில்லை, அவர்கள் நடுவிலேயே குடியிருந்தார்கள் என்றுதானே சொல்கிறது? யோசுவாவின் வேகமான வெற்றியையும் இந்த மெதுவான குடியேற்றத்தையும் வேதமே அடுத்தடுத்து வைத்திருக்கிறது. நாம்தான் ஒன்றை மட்டும் வாசிக்கிறோம்.

நம் பிள்ளைகள் கல்லூரிக்குப் போன முதல் வருஷமே கென்யனின் பெயரைக் கைபேசியில் பார்த்துவிடுகிறார்கள். அப்போது அவர்களுக்கு வலிப்பது எரிகோவின் மதில் அல்ல, நாம் சொல்லாமல் விட்டதுதான். சபையில் கேட்ட மற்றதையும் அன்றிலிருந்து சந்தேகிக்கிறார்கள்.

அடுத்த முறை யோசுவா 6ஆம், 8ஆம் அதிகாரங்கள் பாடமாக வரும்போது கென்யனும் காலவேயும் கண்டதை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். அப்புறம் நியாயாதிபதிகள் முதல் அதிகாரத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். எழுந்து கேள்வி கேட்கிற பிள்ளையை 'விசுவாசக் குறைவு' என்று உட்காரவைக்காதீர்கள்.

இப்படிக்கு,
சபை விசுவாசி ஒருவன்