நம் வானியல் வட்டத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் கூடுகையும், அல்சூர் மாணவர்களுக்கான தொலைநோக்கி மாலையும், காவலூர் வானாய்வகப் பயணமும் வழக்கம்போல் நிறைவேறின.

இவ்வாண்டு நான் முன்மொழிந்து நடத்திய 'சாய்ந்த சுற்றுப்பாதைகள்' ஞாயிறு வகுப்பைச் சற்று விரிவாகவே பதிவு செய்கிறேன். விண்மீனின் நடுக்கோட்டுத் தளத்துக்குக் கோளின் பாதை சாய்ந்திருப்பதைப் பற்றிய இப்பொருள் நமக்கு எட்டாதது என்று செயற்குழுவில் எழுந்த கருத்துக்கு இதுவே என் விடை. சுழலும் விண்மீனின் ஒரு பாதி நம்மை நோக்கி வருவதால் அதன் ஒளி நீலப்பக்கமும், விலகிச் செல்லும் மறுபாதியின் ஒளி சிவப்புப்பக்கமும் பெயர்கின்றன. அதன் முகத்தைக் கடக்கும் கோள் முதலில் நெருங்கும் பாதியை மறைத்தால், விண்மீனே நம்மை விட்டு விலகுவதுபோல் நிறமாலை காட்டும். பிறகு மறுபாதியை மறைக்கையில் நெருங்குவதுபோல் காட்டும். இரு வீச்சுகளும் ஒத்திருப்பது சாயாத பாதையின் இயல்பு. ஒன்றே ஓங்கினால் பாதை சாய்ந்தது. வரிசையே தலைகீழானால் கோள் எதிர்த்திசையில் சுற்றுகிறது. 1924-இல் வானியலாளர்கள் ராசிட்டரும் மெக்லாஃப்லினும் இரட்டை விண்மீன்களில் கண்டறிந்த இவ்விளைவு, 2000-இல் எச்.டி. 209458 விண்மீனின் கோளுக்கு அளக்கப்பட்டது. சூரியனின் நடுக்கோட்டுக்கும் புவியின் பாதைக்கும் இடையே 7 பாகை அளவே சாய்வு இருப்பதால் எல்லாக் கோள் குடும்பங்களும் இப்படித்தான் இருக்கும் என்றிருந்த எதிர்பார்ப்பை, 2009-இல் அறியப்பட்ட வாஸ்ப்-17பி போன்ற எதிர்த்திசைக் கோள்கள் குலைத்தன.

நான்காம் வகுப்பில் ஒரு கல்லூரி மாணவி, "விண்மீனின் அச்சு நம் பக்கமாகவே சாய்ந்திருந்தால் இந்த அளவீடு அதைக் காட்டுமா?" என்று கேட்டார். காட்டாது, இம்முறையில் கிட்டுவது நாம் காணும் வானத் தளத்தில் தெரியும் சாய்வு மட்டுமே, உண்மைக் கோணத்துக்கு அச்சின் சாய்வைத் தனியே அறிய வேண்டும். அந்த ஒரு கேள்விக்காகவே இவ்வகுப்பு நடந்தது பொருந்தும் என்று நம்புகிறேன். ஆனால் அன்று அரங்கில் இருந்தோர் ஆறு பேர். வகுப்பு வேண்டுமென்று கையொப்பமிட்டவர்களில் பலர் ஒருநாளும் வரவில்லை என்பதை வருத்தத்துடன் குறிப்பிடுகிறேன்.

வரவும் செலவும் ஏறக்குறைய ஈடாக நின்றன; விவரம் பொருளாளரிடம் உள்ளது. இரண்டு ஆண்டுச் சந்தா பாக்கி வைத்திருப்போருக்கு மூன்று முறை கடிதம் அனுப்பினேன். புரொஜெக்டர் வாடகையின் ஒரு பகுதியை நானே செலுத்தியுள்ளேன்.

அரங்கம் தந்தவர்களுக்கும், தேநீர் ஏற்பாடு செய்த மகளிர் குழுவினருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு, சூடான விண்மீன்களின் கோள்களில் சாய்ந்த பாதைகள் மிகுந்திருப்பது ஏன் என்ற பகுதியை எடுக்க விரும்புகிறேன். இருப்பிலுள்ள தொகை அரங்க வாடகைக்குச் சில மாதங்களே தாங்கும் என்பதால், வகுப்பு தொடங்கும் நாளை இப்போது அறிவிக்க இயலவில்லை.

செயலாளர்,
பெங்களூரு