முதலில் படியுங்கள், அப்புறம் முடிவெடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பைபிளை நம்புகிறேன் என்பவர்களிலும் அது வெறும் கட்டுக்கதை என்பவர்களிலும் அதைத் திறந்தே பார்க்காதவர்கள் ஏராளம். ஏவாள் தின்றது ஆப்பிள் என்று அடித்துச் சொல்வார்கள், ஆனால் பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் ‘கனி’ என்றுதான் இருக்கிறது. குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த சாஸ்திரிகள் மூன்று பேர் என்பார்கள், ஆனால் இயேசுவின் வாழ்க்கையை எழுதிய மத்தேயு எண்ணிக்கை எதுவும் சொல்லவில்லை, காணிக்கைதான் மூன்று வகை.

தரங்கம்பாடியில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, பைபிளின் இரண்டாம் பகுதியான புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தது 1715-இல். முந்நூறு வருடத்துக்கு மேலாகத் தமிழிலேயே கிடைக்கிற ஒன்றை இன்னமும் பாதிரியார் சொன்னார், மேடையில் பேசியவர் சொன்னார் என்று கேள்விஞானத்தில் வைத்தே சண்டை போடுகிறோம்.

முதல் பக்கத்திலிருந்து தொடங்கினால் லேவியராகமத்தின் பலி விதிமுறைகளில் பலர் நின்றுவிடுவார்கள். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் மாற்கு சுவிசேஷத்திலிருந்து தொடங்குங்கள், 16 அதிகாரங்கள்தான், ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடலாம். அப்புறம் கடவுளிடமே நியாயம் கேட்கிற யோபு, எல்லாம் மாயை என்கிற பிரசங்கி. யோசுவாவில் ஊர் ஊராக ஆட்களை வெட்டிச் சாய்ப்பதையும், மரியாளின் கணவர் யோசேப்பின் தகப்பனை மத்தேயு யாக்கோபு என்றும் லூக்கா ஏலி என்றும் சொல்வதையும் தாண்டிப் போகாதீர்கள், நெருடினால் நெருடட்டும்.

சொந்தமாகச் சரிபார்ப்பது விசுவாசக் குறைவு என்று சிலர் பயமுறுத்துவார்கள். இயேசுவைப் பற்றி ஊர் ஊராகப் பிரசங்கித்த பவுல் சொன்னது உண்மைதானா என்று தினமும் வேதவாக்கியங்களை ஆராய்ந்த பெரோயா ஊர்க்காரர்களை அப்போஸ்தலர் நடபடிகள் 17-ஆம் அதிகாரம் பாராட்டத்தான் செய்கிறது. அதே பவுல், கிறிஸ்து உயிர்த்தெழவில்லை என்றால் தன் பிரசங்கமே வீண் என்று கொரிந்தியருக்கு வெளிப்படையாக எழுதியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மயிலாடுதுறை