ஃப்ரீசரில் இருந்த புத்தகங்களுக்காக

சுவரோரச் சேறு இன்னும் முழுதாகக் காயவில்லை. அதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். இந்த வெள்ளத்தில் என்ன நடந்தது என்று வேல்ஸில் எங்கள் ஊரான பாண்ட்டிப்ரித்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 2020-ல் டென்னிஸ், இப்போது பெர்ட். புயலுக்குத்தான் பெயர் மாறுகிறது, டாஃப் ஆறு அதே வாசல் வழியாகத்தான் வருகிறது.

வாளியும் மண்வெட்டியுமாக வந்த ரக்பி பையன்கள், சேப்பல் ஹாலில் டீ போட்டுக்கொண்டே இருந்தவர்கள், போர்வை தந்தவர்கள், கார்டிஃபிலிருந்து சாம்பார் சாதத்தோடு வந்த நம் ஆட்கள், எல்லாருக்கும் நன்றி. பெயர் சொல்லப்போனால் யாரையாவது விட்டுவிடுவேன், அப்புறம் பொங்கலுக்கு முகத்தைக் காட்ட முடியாது.

நாலு வீடு தள்ளி இருக்கும் பெரியவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். டவர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். மூடிப்போன அந்தச் சுரங்கத்தை 1995-ல் ஆளுக்கு 8,000 பவுண்டு போட்டு வாங்கி நடத்திய 239 பேரில் ஒருவர். எங்கள் சோபாவைத் தூக்கத்தான் வந்தார். குப்பையோடு நான் தள்ளி வைத்திருந்த அப்பாவின் தமிழ்ப் புத்தகங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "ஹீட்டர் மேல மட்டும் வைக்காதே, பட்" என்றார். சுரங்கத்தில் உடன் வேலை செய்கிற கூட்டாளியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

தம் ஃப்ரீசரிலிருந்த கறியையும் பட்டாணியையும் எடுத்து அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டு, புத்தகங்களைப் பையில் சுற்றி உள்ளே வைத்தார். உறைந்திருந்தால் பூஞ்சை பிடிக்காதாம், 2020-ல் கற்றுக்கொண்டாராம். அப்புறம் தினம் நாலைந்தாக வெளியே எடுத்து, பக்கத்துக்குப் பக்கம் டிஷ்யூ செருகி, ஃபேன் காற்றில் நிற்க வைத்தார். ஒருநாள் போய்ப் பார்த்தால் இரண்டு புத்தகம் தலைகீழாக நிற்கிறது. பாவம், அவருக்கு எது மேல், எது கீழ் என்று எப்படித் தெரியும்?

ஏன் இவ்வளவு சிரமம் என்று கேட்டேன். அவர் ஊர் சுரங்கத் தொழிலாளர் மன்றத்தில் ஒரு நூலகம் இருந்ததாம். இந்தப் பள்ளத்தாக்குகளில் அப்படி நூற்றுக்கு மேல் இருந்தன, எல்லாம் சம்பளத்தில் பவுண்டுக்கு ஒரு பென்னி, இரண்டு பென்னி பிடித்துச் சேர்த்தவை. சுரங்கங்கள் மூட மூட நூலகங்களும் கலைந்தன. அவருக்குப் பதினாறு வயதில், மன்றத்துப் புத்தகங்களை வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்களாம். "எதிர்ப் பக்கம் நின்று சிப்ஸ் தின்றுகொண்டிருந்தேன். ஒன்றைக்கூட எடுக்கவில்லை" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை, அடுத்த பக்கத்தில் டிஷ்யூ செருகினார்.

அப்படிச் சிதறியதில் மிஞ்சியவற்றைச் சேர்த்து 1973-ல் ஸ்வான்சியில் சுரங்கத் தொழிலாளர் நூலகம் ஒன்று தொடங்கினார்கள். இத்தனை வருஷத்தில் அவர் அங்கே போனதே இல்லை. வீட்டு வேலை முடிந்ததும் நானே காரில் கூட்டிப்போகிறேன். இதைப் படிக்கிறவர்கள் என்னை எங்கே பார்த்தாலும் "போனீங்களா?" என்று கேளுங்கள்.