கோழித் தீவனம் குதிரைக்கு ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் வேளாண் பக்கத்தில் குதிரை வளர்ப்பு பற்றிக் கட்டுரை வந்திருந்தது. குதிரையைப் பற்றி யாராவது எழுதினாலே எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நடுவில் ஒரு வரி, மாட்டுக்கும் கோழிக்கும் வாங்குகிற தீவனத்தில் மிஞ்சுவதைக் குதிரைக்குப் போட்டுச் செலவைக் குறைக்கலாம் என்று. அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, எல்லைக்கு இந்தப் பக்கம், தென்னந்தோப்புக்கு நடுவே எங்கள் வீடு. ரேஷன் கார்டு கேரளம்; பேச்சும் பேப்பரும் தமிழ்; சந்தை பொள்ளாச்சி. அப்பா ஜட்கா ஓட்டியவர். வண்டி போய்விட்டது, குதிரைப் பித்து மட்டும் எனக்கு மிச்சம். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் வாங்கிய இரண்டு மட்டக்குதிரைகள் வைத்திருந்தேன், செவலை ஒன்று, கருப்பன் ஒன்று.

இரண்டு வருடம் முன்பு, பக்கத்துத் தோப்புப் பண்ணையில் ஒரு பேட்ச் கோழி ஏற்றிப் போன பிறகு ஒரு மூட்டைத் தீவனம் மீந்தது. "வீணாப் போகுதுங்க, குதிரைக்குக் கலந்து போடுங்க" என்று நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். நானும் நல்ல மனதோடுதான் வாங்கினேன். இரண்டு நாள், வேளைக்கு இரண்டு கிலோ போலத் தவிட்டோடு பிசைந்து வைத்தேன். செவலை எதைப் போட்டாலும் தொட்டியை நக்கி வைக்கும். கருப்பன் மோந்து பார்த்துவிட்டுப் பாதியை ஒதுக்கியது.

மூன்றாம் நாள் விடியலில் செவலை தொட்டிப் பக்கமே திரும்பவில்லை. உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது, பின்னங்கால் பின்னியது. வயிற்று வலி என்று நினைத்து நடத்தினேன். அது இன்னொரு தப்பு. பத்தடி போவதற்குள் படுத்துவிட்டது. மிருகாஸ்பத்திரி டாக்டர் வந்ததும் முதல் கேள்வி, "என்ன தின்னது?" சாக்கைக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் விளக்கு வைக்கும்போது செவலை இல்லை.

அப்புறம்தான் அவர் உட்கார்ந்து விளக்கினார். பிராய்லர் கோழிக்கு ரத்தக் கழிச்சல் வராமலிருக்க மொனென்சின், சாலினோமைசின் மாதிரி மருந்துகளைத் தீவனத்திலேயே கலந்துவிடுகிறார்கள். கோழிக்கு அது பாதுகாப்பு. மாடுகூட ஓரளவு தாங்கும். குதிரைக்கு அது இதயத் தசையைத் தின்றுவிடும். உடல் எடையில் கிலோவுக்கு 2, 3 மில்லிகிராம் மொனென்சினே உயிரை எடுக்கலாம். சாலினோமைசினுக்கு அவ்வளவுகூட வேண்டாம். ஒரு டன் தீவனத்தில் மொனென்சின் 100 கிராம் இருந்தால், 250 கிலோ மட்டக்குதிரைக்கு ஐந்து கிலோ தீவனம் போதும். மாற்று மருந்து கிடையாது. கோழித் தீவனம் அரைத்த மில்லில் அதே மெஷினில் அடுத்து மாட்டுத் தீவனம் அரைத்தால் அதிலும் ஒட்டிக்கொண்டு வரும். எனவே மூட்டையில் மாட்டுப் படம் இருக்கிறது என்று நம்பிவிடவும் கூடாது.

சரி, வேறென்ன போடுவது? மாட்டுக்கு நாலு அறை வயிறு, அசை போடும். குதிரை வயிறு அதன் உடம்புக்குச் சின்னது, 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். ஒவ்வாததைத் தின்றுவிட்டால் வாந்தி எடுக்கவும் அதால் முடியாது. அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, பலமுறை, அதிகமும் புல்லாக. ஒரு நாளைக்கு, எடைக்கு நூற்றுக்கு இரண்டு என்று காய்ந்த தீனிக் கணக்கு. எடை பார்க்க எடைமேடை வேண்டாம், தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து பிட்ட முனைவரை நீளம், இரண்டையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ வந்துவிடும். கருப்பனுக்குச் சுற்றளவு 150, நீளம் 135. ஏறக்குறைய 255 கிலோ. ஆக ஐந்து கிலோ காய்ந்த தீனி. அதற்குள்ளேதான் ஊறவைத்த கொள்ளும், அதையும் இரண்டு வேளையாகப் பிரித்துத்தான். பங்குனி, சித்திரை வெயிலில் தண்ணீர்த் தொட்டி காயவே கூடாது.

தவிடு மலிவு என்று வாளி வாளியாகக் கொட்டுகிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய. நானும் அதில் ஒருவன்தான். தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு. மாதக்கணக்கில் அதையே போட்டால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவிக்கொள்ளும், தாடையும் முகமும் வீங்கும்.

வயிற்று வலியென்றால் குதிரை தரையைப் பிறாண்டும், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், புரளும். விலாவில் காதை வைத்துக் கேளுங்கள். எப்போதும் கடமுடவென்று சத்தம் வரும் இடம் அது. அங்கே ஒரு சத்தமும் இல்லையென்றால் உடனே டாக்டர்தான். மூங்கில் குழாயில் எண்ணெயோ இஞ்சிச் சாறோ ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். எங்கள் அப்பா காலத்தில் ஊற்றினார்கள்தான். அதில் எத்தனை பிழைத்தது என்று அவரும் கணக்கு வைத்ததில்லை.

கட்டுரையோடு வந்த படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பையன் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு குதிரையின் பின்னால் நிற்கிறான். அழகான படம். என் அப்பாவுக்கு இடது கையில் மோதிர விரல் கிடையாது. இப்படித்தான் சுற்றிப் பிடித்திருந்தார், ஒரு லாரி ஹாரன் அடித்தது, அவ்வளவுதான். கயிற்றை மடித்துப் பிடிக்க வேண்டும், சுற்றக் கூடாது. நிற்பதானால் இடது தோள் பக்கம், பேச்சுக் கொடுத்துக்கொண்டே நிற்க வேண்டும்.

தயவுசெய்து அடுத்த வாரம் அதே பக்கத்தில், கட்டுரை வந்த அதே எழுத்தளவில், கோழித் தீவனத்தைக் குதிரைக்குப் போடக் கூடாது என்று ஒரு திருத்தம் போடுங்கள். அந்தியூரில் குதிரை வாங்கிவரும் பையன்கள் இந்தப் பக்கம் நிறைய இருக்கிறார்கள், எல்லார் வீட்டுக்குப் பக்கத்திலும் ஒரு கோழிப் பண்ணை இருக்கிறது. கருப்பன் பிழைத்துவிட்டது. ஆனால் அதன் இதயம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்ல முடியாது, ஓடவிட்டால் விழுந்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தோப்புக்குள் காலாற நடக்கவிடுவதோடு சரி, இரண்டு வருடமாக அதன்மேல் யாரையும் ஏற்றவில்லை.

இப்படிக்கு,
ஜட்காக்காரர் மகன்,
கொழிஞ்சாம்பாறை