விளையாட்டு செய்ய ஆசைப்படும் கொங்கு நாட்டுத் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

வணக்கம். கோவை, ஈரோடு, நாமக்கல், கரூர் என்று நம் பக்கத்துக் கல்லூரிகளில் கணினி படித்துக்கொண்டு, என்றைக்காவது சொந்தமாக ஒரு விளையாட்டைச் செய்துவிட வேண்டும் என்ற நினைப்போடு இருக்கும் உங்களுக்குத்தான் இந்த மடல். நான் ஈரோட்டில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். எனக்கு விளையாட்டு செய்யத் தெரியாது. விளையாடத் தெரியும். விளையாடுகிறவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கவும் தெரியும்.

இந்தக் கோடை விடுமுறையில் கடையின் பின்னறைக் கணினியில் 'கிங்ஸ் குவெஸ்ட் 2: ரொமான்சிங் தி ஸ்டோன்ஸ்' என்ற விளையாட்டை ஏற்றி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் சொந்தக்காரர்கள், நண்பர்கள், கடைக்கு வந்து போகிறவர்கள் என்று பத்துப் பதினோரு பேர் மாறி மாறி உட்கார்ந்து விளையாடினார்கள். அவர்கள் சொன்னதை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். அந்த நோட்டு என் மேசையில் கிடப்பதைவிட உங்கள் கையில் இருப்பது நல்லது என்று தோன்றியது.

விளையாட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 1985-ல் அமெரிக்காவின் சியரா நிறுவனம் வெளியிட்ட 'கிங்ஸ் குவெஸ்ட் 2'-தான் மூலம். ராபர்ட்டா வில்லியம்ஸ் உருவாக்கியது. டேவன்ட்ரி நாட்டு ராஜா கிரஹாம், மாயக் கண்ணாடியில் ஒரு பெண் கோபுரத்தில் சிறைப்பட்டிருப்பதைப் பார்க்கிறார். அவளை மீட்கச் சாவிகளைத் தேடிப் போகிறார். அவ்வளவுதான் கதை. வழியில் பொருள்களை எடுத்து, புதிர்களை விடுவித்துக்கொண்டே போக வேண்டும். 16 வண்ணம், என்ன செய்ய வேண்டும் என்பதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். பதினேழு வருடம் கழித்து, 2002-ல், ரசிகர்கள் சிலர் சேர்ந்து இதை முதலிலிருந்து வரைந்து, இசை போட்டு, குரல் கொடுத்து, இலவசமாக வெளியிட்டார்கள். அப்போது அந்தக் குழுவுக்கு டியெரா என்று பெயர், பிறகு ஏஜிடி இன்டராக்டிவ் என்று ஆனது. முதல் பாகத்தை 2001-ல் செய்தார்கள். 'குவெஸ்ட் ஃபார் குளோரி 2'-ஐ 2008-லும் மூன்றாம் கிங்ஸ் குவெஸ்டை 2011-லும் முடித்தார்கள். சியராவின் ஐந்தாம் கிங்ஸ் குவெஸ்டில் கிரஹாமுக்குக் குரல் கொடுத்த ஜாஷ் மாண்டலே இந்த ரசிகர் விளையாட்டுக்கும் வந்து குரல் கொடுத்தார். பிடித்துப்போன ஒன்றுக்காக மனிதர்கள் இவ்வளவு வேலை செய்வார்கள் என்பதே என்னை இன்றும் அசைக்கிறது.

சரி, நோட்டுக்கு வருகிறேன்.

எனக்கு மிகப் பிடித்த கருத்தைச் சொன்னவர், சென்னிமலையில் பெட்ஷீட் தறிகளுக்கு டிசைன் போடும் அண்ணன். லேப்டாப்பைச் சரி செய்யக் கொண்டுவந்தவர் பின்னறை வாசலில் நின்றார், அப்புறம் உள்ளே வந்தார், அப்புறம் திரைக்குப் பக்கத்தில் குனிந்துவிட்டார். "கட்டம் கட்டமா வெச்சிருக்கறாங்க பாருங்க. நாங்க கிராஃப் தாள்ல போடறதும் இதேதானுங்க" என்றார். 320-க்கு 200, மொத்தம் 64,000 கட்டம் என்று சொன்னேன். 1985-ல் அதில் பாதிதான், வண்ணமும் 16 மட்டும் என்று பழையதையும் திறந்து காட்டினேன். பழையதைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். அந்தக் காலத்து விளையாட்டுகளில் இரண்டு வண்ணத்தை ஒன்றுவிட்டு ஒன்றாக வைத்து, தள்ளி நின்று பார்த்தால் மூன்றாவது வண்ணமாகத் தெரியும்படி செய்வார்கள் என்றேன். பாவில் ஒரு நிறமும் ஊடையில் ஒரு நிறமும் ஓட்டினால் துணியில் வேறொரு நிறம் தெரியும், தறிக்காரருக்கு அது தினமும் நடக்கிற வேலை என்றார். பிறகு அவரே உட்கார்ந்து கொஞ்ச நேரம் விளையாடினார். ஓரிடத்தில் எடுக்க வேண்டிய பொருள் தரையின் நிறத்திலேயே இருந்ததால் அவர் கண்ணில் படவே இல்லை. நான் காட்டியதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பார்டரும் ஒடம்பும் ஒரே நெறத்துல நெய்தா, அப்பறம் பார்டர் எதுக்குங்க?" என்றார். இந்த வகை விளையாட்டுகளை உலகம் முழுக்க விளையாடியவர்கள் பல வருடமாகச் சொல்லிவரும் குறைதான் இது. இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பத்தாவது முடித்த ஒரு பையன் செத்துச் செத்து விளையாடினான். சியரா பாணியில் சாவு அதிகம். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு வாசகம் வரும். எப்படியெல்லாம் சாகலாம் என்று தேடித் தேடிச் செத்தான், அதிலேயே அவனுக்கு மகிழ்ச்சி. பெருந்துறைப் பக்கம் கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகள் அதே சாவுகளால் எரிச்சலாகி எழுந்து போய்விட்டாள். சேமித்து வைக்காமல் முக்கால் மணி நேரம் விளையாடியிருந்தாள். "நான் பண்ணுன தப்பு என்னன்னே தெரியலீங்க மாமா, தெரியாத தப்புக்கு எதுக்கு தண்டனை?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதற்கு என்னிடம் பழைய கதை ஒன்று இருக்கிறது. பாலிடெக்னிக் படித்த காலத்தில் ஒரு சொந்தக்காரர் அலுவலகக் கணினியில் மூலத்தை விளையாடினேன், பக்கத்தில் ஆங்கில அகராதி. அதில் ஒரு பழைய பாலம் உண்டு. இத்தனை முறைதான் கடக்கலாம், அதற்கு மேல் நடந்தால் உடைந்துவிடும். எனக்கு அது தெரியாது. வேடிக்கை பார்க்க அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்து, நடைகளைத் தீர்த்துவிட்டு, அதன் பிறகு சேமித்து வைத்தேன். இனி என்ன செய்தாலும் முடிக்க முடியாது, ஆனால் விளையாட்டு அதைச் சொல்லாது. பல சனிக்கிழமைகள் போன பிறகுதான் புரிந்தது. சாவது வேறு, சாகாமலேயே முடிந்துபோவது வேறு. இரண்டாவதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. 1989-லேயே ரான் கில்பர்ட் என்ற விளையாட்டு வடிவமைப்பாளர் இதைக் கண்டித்துக் கட்டுரை எழுதினார். அடுத்த வருடம் அவர் குழு செய்த 'மங்கி ஐலண்ட்' சாவும் முட்டுச்சந்தும் ஏறக்குறைய இல்லாமலே வந்தது. என் கருத்தைக் கேட்டால், சாவை வையுங்கள், அந்தப் பையனுக்காக. செத்ததும், சாவதற்கு ஒரு அடி முந்தைய இடத்தில் கொண்டுபோய் நிறுத்துங்கள், என் அக்கா மகளுக்காக. முட்டுச்சந்து மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

என் அம்மா விளையாடவில்லை. நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏங்கண்ணு, அந்த ராசா ஊட்டுக்குள்ள பூந்து இருக்கறதையெல்லாம் எடுத்துப் போட்டுக்கறானே, கேட்டு வாங்குனா அவிய குடுக்க மாட்டாங்களா?" என்று கேட்டார். நோட்டில் இதை அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். நம் ஊர்க் கதையில் ஒருவர் வீட்டுக்குள் போனால் முதலில் சொம்பில் தண்ணீர் வரும், பேச்சு வரும், கொடுக்கல் வாங்கல் வரும். கேட்டு வாங்குவதையே புதிராக வைக்க முடியாதா?

பெரிய சண்டை கதையைப் பற்றித்தான் வந்தது. ரசிகர் குழு முதல் பாகத்தை ஏறக்குறைய இருந்தபடியே செய்தது. இரண்டாம் பாகத்தில் கதையை விரித்து, புதுப் பாத்திரங்களைச் சேர்த்து, கொஞ்சம் இருட்டான கதையாக மாற்றிவிட்டது. மூலத்தில் மார்பில் ஆப்பு அடித்துக் கொல்ல வேண்டிய டிராகுலா இருந்த இடத்தில், இங்கே துணைக்கு வரும் ஒரு பிரபு இருக்கிறார். உலகெங்கும் இதில் இரண்டு கட்சி உண்டு. மூலத்தைவிட இதுவே நல்ல விளையாட்டு என்பது ஒரு கட்சி. எளிய தேவதைக் கதையாக இருந்ததன் முகமே போய்விட்டது என்பது இன்னொரு கட்சி. என் பின்னறையிலும் அப்படியே பிரிந்தார்கள். அக்கா மகள் முதல் கட்சி. என்னோடு பழைய விளையாட்டைப் பார்த்து வளர்ந்த கோபிக்கார நண்பர் இரண்டாவது கட்சி.

நண்பர் சொன்ன நியாயம் எங்கிருந்து வந்தது தெரியுமா? உடுக்கடிப் பாட்டிலிருந்து. பொன்னர் சங்கர் என்ற அண்ணன்மார் கதையைச் சின்ன வயதில் இரவிரவாக உட்கார்ந்து கேட்டவர் அவர். பாடுகிறவர் குதிரையை வர்ணிக்க ஒரு நாழிகை எடுத்துக்கொள்ளலாம், அவர்கள் தங்கை தங்காளின் புலம்பலை நீட்டலாம், கூட்டத்தில் இருப்பவரைக் கதைக்குள் இழுக்கலாம். ஆனால் படுகளத்தில் விழ வேண்டியவர் விழத்தான் வேண்டும். மாற்றிப் பாடினால் பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்கள். "நீட்டலாமுங்க, திருப்பக் கூடாது" என்றார். அக்கா மகள் விடவில்லை. அவர் கேட்ட பாட்டும் நூறு பேர் வாயில் மாறித்தானே அவரிடம் வந்திருக்கும் என்று கேட்டாள். நான் அக்கா மகள் பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சாய்கிறேன். பணம் வாங்காமல் செய்கிறவர்களுக்கு மாற்றும் உரிமை உண்டு. ஆனால் அந்த உரிமையை எடுத்துக்கொண்டதை வாசலிலேயே சொல்லிவிட வேண்டும், அப்போது பழைய ஆள் ஏமாற மாட்டார்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. அந்த அறையில் பாதிப் பேரைத் தடுத்து நிறுத்தியது படமும் இல்லை, சாவும் இல்லை. ஆங்கிலம். படிப்பதற்குள் வாசகம் மறைந்துவிடுகிறது என்றார்கள். சரி, மொழிபெயர்த்தால் போதுமா? போதாது. முதல் கிங்ஸ் குவெஸ்டில் ஒரு குள்ளனின் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும். ஐரோப்பிய நாட்டுப்புறக் கதையில் வரும் ரம்பல்ஸ்டில்ட்ஸ்கின் என்ற பெயர் தெரிந்திருக்க வேண்டும். அதையும் 1984 மூலத்தில் ஆங்கில எழுத்து வரிசையைத் தலைகீழாக்கி, ஏ இருந்தால் இசட், பி இருந்தால் ஒய் என்று மாற்றி எழுத வேண்டும். ஆங்கிலக்காரர்களே திணறிய புதிர். இதைத் தமிழில் எப்படி மாற்றினாலும் அது நம்முடையது ஆகாது.

நம்முடையது எப்படி இருக்கும்? பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்கோ, எங்கள் கருங்கல்பாளையம் சந்தைக்கோ போய் நின்று பாருங்கள். தரகர்கள் துண்டுக்குக் கீழே கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. அந்த விரல் கணக்கைப் பெரியவர் ஒருவரிடம் கேட்டுக் கற்றுக்கொண்டு, சந்தையில் சரியான விலைக்குக் காங்கேயம் காளை ஒன்றைப் பிடிக்க வேண்டும் என்று ஒரு புதிர் வையுங்கள். எவ்வளவு அழகாக இருக்கும்! படியும் வள்ளமும் மட்டும் கையில் இருக்க, கேட்ட அளவு தானியத்தைச் சரியாக அளந்து கொடுக்கும் புதிர் வையுங்கள். விடுகதை போடும் பாட்டி ஒருவர் வழியை மறிக்கட்டும்.

இதில் தொழில்நுட்பச் சிக்கல் உண்டு, மறைக்க மாட்டேன். தட்டச்சு செய்து கட்டளை கொடுக்கும் பழைய முறை தமிழுக்குக் கடினம். ஆங்கிலத்தில் 'திற, கதவு' என்று இரண்டு சொல்லைப் பிரித்துப் பார்த்தால் முடிந்தது. நமக்குக் 'கதவைத் திற' என்பதில் உருபும் ஒற்றும் சொல்லோடு ஒட்டிக்கொள்கின்றன. 'கதவத் தொற' என்று எழுதுகிறவரையும் தள்ள முடியாது. அதனால் சுட்டியால் தொடும் முறையிலேயே தொடங்குங்கள். அடுத்தது எழுத்துரு. 'கொ' என்பதில் கொம்பு கணினிக்குள் ககரத்துக்குப் பின்னால் இருக்கிறது, திரையில் முன்னால் வர வேண்டும். வந்த வரிசையிலேயே எழுத்தை அடுக்கும் நிரலில் தமிழ் சிதைந்துபோகும். வசனங்களைப் படமாக வரைந்து வைப்பது ஒரு வழி. எழுத்தைச் சரியாகக் கோத்துத் தரும் நிரலைச் சேர்ப்பது நல்ல வழி. உங்களில் ஒருவர் இதை ஒருமுறை தீர்த்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டால், பின்னால் வரும் எல்லாத் தமிழ் விளையாட்டுக்கும் அது உதவும்.

கருவி இலவசம். இந்த ரசிகர் குழு பயன்படுத்திய, விளையாட்டு செய்ய உதவும் ஏஜிஎஸ் என்ற நிரலை கிறிஸ் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயர் 1997-ல் முதலில் வெளியிட்டார். பின்னாளில் அதன் மூல நிரலும் திறந்துவிடப்பட்டது. 2021 முதல், பழைய விளையாட்டுகளை ஓட்டும் ஸ்கம்விஎம் என்ற நிரல் வழியாக ஏஜிஎஸ் விளையாட்டுகளைக் கைபேசியிலும் ஓட்டலாம். கழற்றிப் பார்த்தே பம்பும் மோட்டாரும் செய்யக் கற்ற ஊர் நம்முடையது. இதையும் கழற்றிப் பாருங்கள்.

அடுத்தவர் ராஜாவை வைத்து மட்டும் செய்யாதீர்கள். 'தி சில்வர் லைனிங்' என்ற இன்னொரு கிங்ஸ் குவெஸ்ட் ரசிகர் விளையாட்டை உரிமை வைத்திருந்த நிறுவனம் 2005-ல் ஒருமுறை, உரிமை கைமாறிய பின் 2010-ல் மறுமுறை நிறுத்தச் சொன்னது. பிறகு அனுமதி கிடைத்து 2010 ஜூலையில் முதல் பகுதி வந்தது என்றாலும், இடையில் அவர்கள் பட்டது கொஞ்சமல்ல. ஏஜிடி குழுவினரே கூட ஹிமாலயா ஸ்டுடியோஸ் என்று தொடங்கிச் சொந்தக் கதைகளுக்குப் போனார்கள்.

பெரிதாக வேண்டாம். பத்துக் காட்சி, ஒரு சந்தை, ஒரு பாட்டி, ஒரு காளை போதும். அரைகுறையாக இருந்தாலும் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஞாயிறு காலை பத்து மணிக்குப் பின்னறை திறந்திருக்கும். சென்னிமலை அண்ணன் கட்டத்தாளில் ஒரு காளையை வரைந்து வைத்திருக்கிறார். திமிலுக்குச் சாம்பல் நிறம் பற்றவில்லை என்று இரண்டாவது முறையாக மாற்றிக்கொண்டிருக்கிறார். கோபிக்காரர் கதையைத் திருப்பாமல் இருக்கிறீர்களா என்று பார்க்க வருவார். அம்மாவுக்கு நாற்காலி போட்டாயிற்று.

அன்புடன்,
ஈரோட்டிலிருந்து உங்கள் அண்ணன் ஒருவன்