தை மாசம் வர்றதுக்குள்ள

சரசு,

நல்லாருக்கியா புள்ள? வாய்க்கால்ல தண்ணி உட்டாச்சாமே, நாத்து உட்டுட்டீங்களா? இங்க திருப்பூர்ல ஒரு நல்ல சேதி, என்ற மருமவ முழுகாம இருக்கறா, ஒம்பது வாரம். மூணு மாசம் முடியாம வெளிய சொல்லக்கூடாதுன்னு நம்ம அம்மாவெல்லாம் வாய மூடிட்டு இருந்தாங்கல்ல, நானும் அப்படித்தான் இருந்தேன், ஆனா தை மாசம் உன்ற பொண்ணு கல்யாணம் வருது, அதான் எழுதறேன்.

எங்க நங்கையாளோட மொதக் கொழந்த ஞாபகம் இருக்குதா? முதுகுல கொப்புளமாட்ட ஒண்ணோட பொறந்து மூணாம் நாளே போச்சே. சாமி குத்தம்னு அவள எத்தன பேசுனாங்க. இப்ப டாக்டரம்மா சொல்றாங்க, கொழந்தையோட மூளையும் தண்டுவடமும் ஆகப்போற குழாய் கரு உண்டாகி 28 நாள்லயே மூடிக்குமாம், அது சரியா மூடாமப் போனாத்தான் முதுகுல அப்படி வருமாம். அப்ப நமக்கு நாள் தள்ளி ரெண்டு வாரந்தான் ஆயிருக்கும், பாதிப் பேருக்கு சந்தேகங்கூட வந்திருக்காது! அதனால போலிக் ஆசிட்டுங்கற வைட்டமின் மாத்திரைய, தெனம் 400 மைக்ரோகிராம், கரு தங்கறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சு 12 வாரம் வரைக்கும் போடோணுமாம். எல்லாக் கொறையையும் தடுக்காது, ஆனா அப்படி ஒரு கொழந்த பொறந்த அம்மாக்களுக்கு அடுத்ததுக்கும் வர்றது, மாத்திரை போட்டதுல 72 சதவீதம் கொறஞ்சுதுன்னு 1991லயே கண்டுபுடிச்சிட்டாங்களாம், அவங்களுக்கு மட்டும் டோஸ் ஜாஸ்தி, டாக்டர் எழுதித்தான் போடோணும். இத அன்னைக்கு யாராச்சும் நங்கையாகிட்ட சொல்லியிருந்தா அவ அத்தன பேச்சு வாங்கியிருக்க மாட்டா புள்ள.

என்ற மருமவளுக்கு ரத்தத்துல ஹீமோகுளோபின் 8.9 தான் இருக்குது, 11க்கு கொறஞ்சாலே ரத்தசோகையாம், அப்படியே உட்டா கொறமாசமாவோ ரெண்டரக் கிலோவுக்கு கம்மியாவோ பொறக்க வாய்ப்பு ஜாஸ்தியாம். பனியன் கம்பெனி செக்கிங் வேல, காலைல ஒண்ணுந் திங்காம ஓடிப்போய் பத்து மணிக்கு டீயும் பன்னும், இத்தன வருசமா அதுதான் அவ சாப்பாடு. சாப்பாட்டோட டீ குடிச்சா இரும்புச்சத்து சரியா ஒட்டாதாம். இப்ப மசக்கை வேற, கடுகு தாளிக்கற வாசத்துக்கே கொல்லைக்கு ஓடறா, அதனால தாளிக்காம பச்சப்பயிற வேகவெச்சு எலுமிச்சம்பழம் புழிஞ்சு ஒரு சின்ன டப்பால குடுத்து உடறேன், வேலைக்கு நடுவுல ரெண்டு ரெண்டு வாயா தின்னுக்கறாளாம், சாயங்காலம் டப்பா காலியா வந்தா எனக்கு அன்னைக்கு வயிறு நெறஞ்சாப்ல இருக்குது. ரெண்டு உசுருக்கு தின்னுன்னு சொல்லி யாரும் திணிக்க வேண்டாமாம், மொத மூணு மாசத்துக்கு அளவு கூட வேண்டியதில்ல, சத்தானதா இருந்தாப் போதுமாம்.

பொண்ணுக்கு சீர்வரிசை எடுக்கறப்பவே அந்த போலிக் ஆசிட் மாத்திரையும் எடுத்துப்போடு. இப்பவே என்ன அவசரம்னு உன்ற வூட்டுக்காரர் கேட்டா எங்க நங்கையா கதையச் சொல்லு. கல்யாணத்துக்கு முன்னாடி ஒருக்கா ரத்தமும் பாத்துரு.

ஜோதி